மேனேஜர் எங்கேயும் போகமாட்டான்

குடியிருப்புக் கமிட்டி செக்ரட்டரி கொடுத்துவிட்டுப் போன கடிதத்தைச் சாவிக்காரி நின்றபடியே மூன்று தரம் படித்தாள். மூன்று தரமும் அது ஒன்றையேதான் சொன்னது. கீழ்த்தள வீட்டு நாய் ஓயாமல் குரைத்துக் குடியிருப்போரைத் தொந்தரவு செய்வதால் பதினைந்து நாளைக்குள் அதை வெளியே அனுப்பிவிட வேண்டும்; தவறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அடியில் ‘சம்மதம்’ என்று அச்சடித்து, அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அவளுடைய சம்மதத்தை அவர்களே அச்சடித்து எடுத்து வந்ததுதான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மேசைக்கு அடியிலிருந்து மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பழுப்பு நாய், எட்டு வயசு. ஒரு காது நிற்கும், மற்றது மடங்கிக் கிடக்கும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றைக் கதவுக் கடையில் பதினெட்டு வருஷம் அவள் சாவி வெட்டினாள். கடைசி எட்டு வருஷமும் இவன் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைக் கவனித்துக்கொண்டிருந்தான். ஒரு துரும்பையும் நகர்த்தாமல் எல்லாரையும் மேற்பார்வை பார்த்ததால் மேனேஜர் என்று பெயர் வைத்தது அவள் புருஷன், டவுன் பஸ் டிரைவர். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நாலு மாசத்துக்கு முன்னால் அந்தக் கடை வரிசையையே இடித்துத் தள்ளிவிட்டார்கள். சாவி வெட்டும் மெஷின் வீட்டு முன்னறைக்கு வந்தது. வாடிக்கைக்காரர்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். மேனேஜரின் உடம்புதான் வந்து சேர்ந்தது, ஆள் வந்து சேரவில்லை.

லாரி ஹாரனுக்குக்கூடக் கண் திறக்காதவன், இப்போது தண்ணீர்க் குழாய் முனகினால் எழுந்து நின்றான். குளிர்ந்த நாளிலும் நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்தான். முன்னங்காலை நக்கி நக்கி, கட்டை விரல் அகலத்துக்கு முடி போய்த் தோல் சிவந்து கிடந்தது. பூட்டுத் திறக்க யாராவது கூப்பிட்டு அவள் வெளியே போய்விட்டால் கதவைப் பிறாண்டி, அவள் திரும்பும்வரை ஊளையிட்டான்.

மூன்று மணிக்கு டிரைவர் முதல் ஷிப்ட் முடித்து வந்தான். பின்னாலேயே அவன் அக்காவும் வந்தாள். காய்கறிச் சந்தையில் எடை போடுகிறவள். அங்கே கூவிக் கூவி, வீட்டிலும் அவள் குரல் இறங்காது. புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு இருந்தாள். சோறும் பருப்பும் அவித்த முட்டையும் வைத்துவிட்டுச் சாவிக்காரி விஷயத்தைச் சொன்னாள்.

“நீ என்ன சொன்ன?” என்றான் டிரைவர்.

“என்னத்த சொல்றது? கையில திணிச்சுட்டு ஓடிட்டாரு.”

டிரைவர் சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “டிப்போவுக்குப் பின்னாடி ஒரு ஆளு நாலஞ்சு நாயை வச்சுப் பாத்துக்கறான். நல்ல ஆளுதான். கொஞ்ச நாளைக்குக் கஷ்டமா இருக்கும்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்தான்.”

“உங்கக்கா விடற குறட்டைக்கு யாராச்சும் கடிதாசி குடுத்தா, அவங்கள எந்த டிப்போவுக்குப் பின்னாடி கொண்டுபோய் விடுவீங்க?”

நாத்தனாருக்குப் புரையேறிவிட்டது. “ஏண்டி, நாய்ப் பேச்சுல என்னை எதுக்கு இழுக்கற?” என்று தண்ணீர் குடித்தாள். குடித்து முடித்ததும் தம்பியைப் பார்த்து, “ஆனா கேட்டது சரிதான்டா. பதில் சொல்லு,” என்றாள்.

“வாடகை வீடுக்கா இது. ஜன்னலோட முன்னறை, கீழ்த்தளம், மெஷின் ஓட்டினா சத்தம் போடாத வீட்டுக்காரர். இப்படி இன்னொண்ணு எங்க கிடைக்கும்? கொஞ்சம் யோசிச்சுப் பேசச் சொல்லு.”

“யோசிச்சாச்சு,” என்றாள் சாவிக்காரி. “அவன் எங்கேயும் போகமாட்டான். நாமளும் போகமாட்டோம்.”

எப்படி என்று அவளுக்கே தெரியாது. தெரியாததை அடித்துச் சொல்வது அவள் தொழிலோடு வந்த பழக்கம். முரண்டு பிடிக்கிற பூட்டு முன்னால் உட்கார்ந்து, ‘அஞ்சு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டுத்தான் அவள் வேலையையே தொடங்குவாள்.

அடுத்த இரண்டு நாளில் யோசனை சொல்லாதவர் யாருமில்லை. குரைத்தால் ஷாக் அடிக்கிற பட்டை ஒன்று விற்கிறது என்றார் மூன்றாம் மாடிக்காரர். செக்ரட்டரி நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், கட்டடத்துக்குள்ளும் அளந்து அளந்துதான் நடப்பார். அவர் படிக்கட்டில் அவளை நிறுத்தினார்.

“தொண்டையில ஒரு சின்ன ஆபரேஷன் இருக்காம்மா. சத்தமே வராதாம். நாயும் இருக்கும், எங்களுக்கும் நிம்மதி.”

“உங்க வீட்டு டி.வி.க்கு முதல்ல பண்ணிப் பாருங்க சார். நல்லா வந்தா சொல்லுங்க,” என்றாள்.

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் அவள் கலங்கிப்போயிருந்தாள். அவளும் சும்மா இருந்தவள் இல்லை. போன மாசம் அதட்டிப் பார்த்திருந்தாள். மடித்த செய்தித்தாளால் ஒரு தரம் அடித்திருந்தாள். பின்பக்க முற்றத்தில் ஒரு பகல் முழுக்கக் கட்டிப் போட்டாள். அன்றைக்குத்தான் அவன் கயிற்றைக் கடித்து ஈறில் ரத்தம் வந்தது.

மூன்றாம் நாள் காலையில், கொட்டுகிற மழையில், மேனேஜரை ரெயின்கோட்டுக்குள் போர்த்திக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனாள். டாக்டரம்மாவுக்கு அவளைவிடப் பத்து வயசாவது குறைவு இருக்கும். வந்ததும் நாயைத் தொடவில்லை. தரையில், அவனுக்குப் பக்கவாட்டில், அவனைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்துகொண்டாள். மேனேஜர் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

“மழைக்குத் தூக்கம் வருது போல,” என்றாள் சாவிக்காரி.

“தூக்கம் இல்ல. பயம்,” என்றாள் டாக்டரம்மா. “காரணமில்லாத கொட்டாவி, தின்ன ஒண்ணும் இல்லாதப்ப உதட்டை நக்கறது, முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கண்ணு வெள்ளை தெரிய ஓரமாப் பாக்கறது, எல்லாம் ‘என்னால முடியல’ன்னு அவன் சொல்றது. மெதுவாத்தான் முதல்ல சொல்லுவான். நமக்கு அது கேக்கலன்னாதான் குரைக்கறான்.”

“நான் அடிச்சேன் டாக்டர். ஒரு தரம்.”

“இனிமே வேணாம். பயந்தவனை அடிச்சா பயம் ரெண்டாகும், அவ்வளவுதான்.” காலுக்குக் களிம்பு கொடுத்தாள். “தேவைப்பட்டா மாத்திரையும் தரேன். ஆனா எதுக்குப் பயப்படறான்னு முதல்ல தெரியணும். எப்ப குரைக்கறான், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு, எழுதிக்கிட்டு வாங்க.”

“நான் வீட்ல இல்லாதப்ப குரைக்கறதை நான் எங்க எழுதறது?”

“காதால கேட்டவங்க இருப்பாங்களே. புகார் குடுத்தவங்களையே கேளுங்க.”

புகார் கொடுத்தது நேர் மேல்வீட்டு நர்ஸ். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்க வேண்டியவள். கதவைத் திறந்தபோது அவள் கண் இரண்டும் வீங்கிப்போய் இருந்தன. அந்தக் கண்ணைப் பார்த்ததும் சாவிக்காரிக்கு, இவள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்று உறைத்தது.

“சண்டை போட வந்தீங்களாக்கா?”

“இல்ல சிஸ்டர். எத்தனை மணிக்கு எத்தனை மணிக்குக் குரைக்கறான்னு உங்களைக் கேக்க வந்தேன்.”

நர்ஸ் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தாள். “காய்ச்சல் எழுதற மாதிரி எழுதி வச்சுட்டேன். கைப்பழக்கம். கமிட்டிக்குக் காட்டலாம்னு எழுதினது,” என்றாள். தேதி, மணி, எத்தனை நிமிஷம், ஊளையா குரைப்பா என்று கோடு போட்டு எழுதியிருந்தாள்.

இரண்டு பேரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார்கள். ஒன்பது நாற்பது: அப்போது மெத்தைக் கடைக்காரர் பீரோவுக்குச் சாவி கேட்டு வந்திருந்தார், கொத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். பதினொன்று பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஊளை: பள்ளிக்கூட அலமாரி திறக்கப் போயிருந்தாள். ஆறு இருபது: டிரைவர் சாவிக்கொத்தை ஆணியிலிருந்து எடுத்துக் கடைக்குக் கிளம்பினான்.

“எல்லாம் சாவிச் சத்தம்,” என்றாள் சாவிக்காரி மெதுவாக. “கடையில அந்தச் சத்தம் கேட்டா நான் அங்கேயே உக்காந்து வேலை பாப்பேன். நான் போனாலும் பக்கத்து டீக்கடைக்காரர் இருப்பாரு. வீட்ல அந்தச் சத்தம் கேட்டா அடுத்தாப்ல கதவு சாத்தும். இவன் தனியா உள்ள.”

“சரி. அப்ப ஒண்ணே கால்? ரெண்டு அஞ்சு? நாலு இருபது?” நர்ஸ் விரலை வைத்துக் காட்டினாள். “சின்னச் சின்னதா, ரெண்டு மூணு குரைப்பு. தினம் இருக்கு.”

அந்த நேரத்தில் அவள் வீட்டில்தான் இருந்தாள். மெஷின் ஓடவில்லை, ஆணியில் இருந்த கொத்தையும் யாரும் தொடவில்லை. சாப்பிட்டாள், பாத்திரம் கழுவினாள், துணி மடித்தாள். எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. காலுக்குக் களிம்பு போடுமுன் மேனேஜரைக் குளிப்பாட்டலாம் என்று கழுத்துப் பட்டையைக் கழற்றினாள். குளித்து, துவட்டி, முன்னறைத் தரையில் விழுந்தவன் நாலு காலையும் நீட்டித் தூங்கினான். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவன் சுருண்டு படுத்துத்தான் அவள் பார்த்திருக்கிறாள். ஒண்ணே கால் போனது. இரண்டு அஞ்சு போனது. குளித்த சுகம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு நாத்தனார் வந்து, “என்னடி இது, கழுத்து மொட்டையா இருக்கு?” என்று பட்டையை எடுத்து மாட்டிவிட்டாள். மேனேஜர் எழுந்து உடம்பை உதறினான். பட்டையில் இருந்த சாவிகள் கலகலத்தன. உடனே அவன் கதவைப் பார்த்தான். அப்புறம் சாவிக்காரியின் காலைப் பார்த்தான், செருப்புப் போட்டிருக்கிறாளா என்று. போடவில்லை என்பது தெரிந்தும் நம்பாமல் இரண்டு தரம் குரைத்தான்.

சாவிக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கடையை இடித்த அன்று, ஷட்டரின் நாலு சாவியும் கையில் மிஞ்சின. பூட்டு போய்விட்டது, சாவி இருந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை. மேனேஜரிடம்தானே சாவி இருக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே அவள்தான் வளையத்தில் கோத்து அவன் பட்டையில் மாட்டினாள். டிரைவரும் சிரித்தான், நாத்தனாரும் சிரித்தாள். அந்த நாளில் சிரிக்க அது ஒன்றுதான் இருந்தது.

“நாலு மாசமா அண்ணி,” என்றாள். “காதைச் சொறிஞ்சா, திரும்பிப் படுத்தா, தண்ணி குடிச்சா, ஒவ்வொரு வாட்டியும் நாம கிளம்பறோம் கிளம்பறோம்னு அவனுக்குக் கேட்டிருக்கு. அந்தச் சத்தத்தை அவன் கழுத்துலயே கட்டி விட்டிருக்கேன். சாவிக்காரியாம் நான், பெரிய சாவிக்காரி.”

அவள் அழுதாள். அழுகிறவளைப் பார்த்து மேனேஜர் பக்கத்தில் வந்தான்; வந்தபோதும் சாவிகள் சத்தம் போட்டன. நாத்தனார் பட்டையைப் பறிக்காத குறையாகக் கழற்றினாள்.

“அழுதது போதும். செஞ்சது நீ, சரி பண்றதும் நீதான். என்ன பண்ணணும் சொல்லு,” என்றாள். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வந்து அன்றே ஆரம்பித்தார்கள். பதினோரு நாள் மிச்சம் இருந்தது.

சாவிக்கொத்தை ஆணியிலிருந்து எடுத்து, எங்கேயும் போகாமல் திரும்ப மாட்டினாள். எடுத்துக்கொண்டு போய்க் காய் நறுக்கினாள். எடுத்தவுடன் மேனேஜருக்கு ஒரு விள்ளல் முட்டை கொடுத்தாள். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தரம். ஜன்னலில் வருகிறவர்களின் சாவியைத் தடித்த கம்பளித் துணி மேல் வைத்துப் பார்த்தாள். மெஷின் மேசைக்கு அடியில் மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாசலுக்குத் திரை தொங்கவிட்டு, உள்ளே தன்னுடைய எண்ணெய்க் கறை பிடித்த வேலைச் சட்டையைப் போட்டாள். அது அவனுடைய அறை. அங்கே இருக்கும்போது அவனை யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது.

வெளியே போய் வருகிற வேலை நாத்தனாருடையது. கதவைத் திறந்து போவாள், பத்து எண்ணுவாள், வருவாள். பிறகு இருபது. பிறகு நூறு. ஒரே பகலில் அறுபது தரம் அவள் வெளியே போய் உள்ளே வருவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி, “எதையாச்சும் மறந்துட்டீங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா, எண்ணிக்கைய மறந்துட்டேன், உன்னாலதான்,” என்று திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள் நாத்தனார்.

அதிகம் தவித்தது டிரைவர்தான். வேலைக்குக் கிளம்பும்போது நாயைக் கட்டிப் பிடித்து, ‘போயிட்டு வரேன்டா ராஜா, அழக்கூடாது’ என்று ஐந்து நிமிஷம் விடைபெறுவது அவன் வழக்கம். அது கூடாது என்று சாவிக்காரி சொல்லிவிட்டாள். போகும்போது ஒன்றும் நடக்காத மாதிரிப் போக வேண்டும், வரும்போது ஒன்றும் நடக்காத மாதிரி வர வேண்டும்.

“என்கிட்டயே நீ இப்படி இருக்கறதில்லையா, பழகிடும்,” என்று முனகிக்கொண்டே போனான்.

ஒன்பதாம் நாள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அரை மணி நேரம் நன்றாக இருக்கிறானே என்று ஆசைப்பட்டு, ஒரு பூட்டுக்காக அவள் இரண்டு மணி நேரம் வெளியே போய்விட்டாள். திரும்பியபோது தெருமுனைக்கே ஊளை கேட்டது. டிரைவர் வீட்டு வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

“முடியலம்மா. டிப்போக்காரன்கிட்ட ஒரு வார்த்தை பேசி வச்சிருக்கேன்,” என்றான்.

“பேசினதை வாபஸ் வாங்குங்க. அவசரப்பட்டது நான். பாதியில போயி, நாளைக்குப் பதினஞ்சு நிமிஷத்துலேர்ந்து மறுபடி ஆரம்பிப்பேன்.”

“நாள் இல்லையே.”

“இருக்கற நாள்ல பண்ணுவேன். அதுக்கப்புறமும் பண்ணுவேன். அவங்க தேதிக்கு அவன் எப்படிப் பயத்தை விடுவான்?”

மறுநாள் டிரைவர் டிப்போவில் தன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தான். பகலில் யாராவது ஒருத்தர் எப்போதும் வீட்டில் இருக்கிற மாதிரி மூன்று பேர் வேலையும் அமைந்தது. அதற்கப்புறம் மேனேஜர் காலை நக்குவது குறைந்து, சிவந்த இடத்தில் மெல்லிய முடி வர ஆரம்பித்தது.

பதினைந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சாவிக்காரி தானே போய்க் கமிட்டியை அழைத்திருந்தாள். நாலு மணிக்கு வரட்டும், வீட்டைப் பூட்டிக்கொண்டு நாங்களும் வெளியே நிற்கிறோம், ஒரு மணி நேரம் காதால் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும் என்று சொல்லியிருந்தாள். செக்ரட்டரி, மூன்றாம் மாடிக்காரர், நர்ஸ் மூவரும் வந்தார்கள். செக்ரட்டரி கையில் அதே கடிதத்தின் இன்னொரு பிரதி இருந்தது.

சாவிக்காரி கொத்தை எடுத்தாள். நாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்து பூட்டினாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகச் சாவி துவாரத்துக்குள் நேராகப் போகவில்லை.

நடைபாதையில் ஆறு பேர் நின்றார்கள். மாடியில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். பத்து நிமிஷம் போனது, இருபது போனது. மூன்றாம் மாடிக்காரர் படியில் உட்கார்ந்துவிட்டார். நாத்தனார் உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே சத்தமே இல்லை.

நாற்பதாவது நிமிஷத்தில் செக்ரட்டரி பொறுமை இழந்தார். “மருந்து குடுத்துத் தூங்க வச்சிருப்பீங்க,” என்றார்.

“இல்ல சார்,” என்றாள் சாவிக்காரி.

“நாலு நாளா பகல்ல நல்லாத் தூங்கறேன் சார்,” என்றாள் நர்ஸ். “என் நோட்டுல இந்த நாலு நாளும் ஒண்ணும் எழுதல.”

“அதெல்லாம் சரி. போட்ட தீர்மானம் போட்டதுதான். இவங்களுக்கு விட்டா நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒரு மிருகத்தைக் கூட்டிட்டு வருவாங்க. கையெழுத்துப் போடுங்கம்மா.”

“மாட்டேன்.”

“மாட்டேன்னா?”

“மாட்டேன்னா மாட்டேன்தான் சார். கேளுங்கன்னு கூப்பிட்டேன், கேட்டீங்க. இனிமே நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?”

“வாடகைக்கு இருக்கறவங்களுக்கு இவ்வளவு திமிரா?” செக்ரட்டரி காகிதத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, நடைபாதை அதிரக் கத்தினார். “போடும்மா கையெழுத்தை.”

உள்ளிருந்து ஒரே ஒரு குரைப்பு கேட்டது. கனமான, தெளிவான குரைப்பு. அதோடு சரி.

செக்ரட்டரியின் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டீங்களா? குரைச்சுடுச்சு. நாலு அம்பத்திரண்டு. எழுதிக்கங்க சிஸ்டர்.”

சாவிக்காரி வாயைத் திறக்குமுன் டிரைவர் முன்னால் வந்தான். பதினைந்து நாளாக இந்தக் கடிதத்துக்குப் பயந்து பயந்து சோற்றைப் பிசைந்தவன்.

“எழுதறதுன்னா முழுசா எழுதுங்க சிஸ்டர்,” என்றான். “நாலு அம்பத்திரண்டுக்கு என் பொண்டாட்டிய ஒருத்தர் அதட்டினாரு. பக்கத்துல நின்ன புருஷன் வாயைத் திறக்கல. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் திறந்தான். நான் போட வேண்டிய சத்தம் சார் அது. இனிமே நான் போட்டுக்கறேன்.”

டிரைவர் செக்ரட்டரியின் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, இரண்டாக மடித்து, அவர் சட்டைப் பையிலேயே மரியாதையாக வைத்தான்.

“வீட்டைக் காலி பண்ண மாட்டோம். கோர்ட்டுக்குப் போறதுன்னா போங்க, பஸ் வேணும்னா நானே ஓட்டறேன்.”

மூன்றாம் மாடிக்காரர் சிரித்துவிட்டு, சிரித்ததை இருமலாக மாற்றப் பார்த்தார். செக்ரட்டரி எல்லார் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். பிறகு படியேறத் தொடங்கினார்.

சாவிக்காரி கதவைத் திறந்தாள். மேசைக்கு அடியில் திரை கொஞ்சம் அசைந்தது, யாரும் வெளியே வரவில்லை.

“டீ போடறேன்,” என்றாள் மற்றவர்களிடம். “மெதுவாப் பேசறவங்க மட்டும் உள்ள வாங்க.”

நர்ஸ்தான் முதலில் செருப்பைக் கழற்றினாள்.